நெருக்கத்தில் விசாலம்: துன்ப நாட்களில் கர்த்தரின் விடுதலையைப் பற்றிக்கொள்ள ஒரு தொடக்க வழிகாட்டி

விசுவாசத்துக்குள் புதிதாக வந்த ஒருவர் முதல் பெரிய துன்பத்தில் மாட்டிக்கொண்டால், சுற்றியிருக்கிறவர்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "ஜெபம் பண்ணுங்க, ஆண்டவர் விடுவிப்பார்." சொல்வதில் தப்பில்லை. ஆனால் என்னவென்று ஜெபிப்பது, எதிலிருந்து விடுவிப்பார், அது தாமதமானால் நடுவில் கிடக்கும் நாட்களை எப்படித் தள்ளுவது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை.

என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த 11 நாட்களும் நான் வெளியே ஒரு நாற்காலியில், வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே திறப்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். திறந்த இடத்திலெல்லாம் வம்ச வரலாறு வந்தது. அன்றைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே என்று பின்னாளில் தோன்றியவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. உங்கள் கையில் இருப்பது பொது மொழிபெயர்ப்பு என்றால் 'சங்கீதம்' என்பதற்குப் பதில் 'திருப்பாடல்கள்' என்று இருக்கும்.

1. முதலில் சாப்பிடுங்கள், படுத்துத் தூங்குங்கள்

ஆவிக்குரிய காரியத்துக்கு இதுவா முதல் படி என்று கேட்பீர்கள். தீர்க்கதரிசி எலியாவின் கதையில் இதுதான் முதல் படி. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்டவர், ராணி யேசபேலின் ஒரு மிரட்டலுக்கு வனாந்தரத்துக்கு ஓடிப்போய், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அதற்குக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. ஒரு தூதன் வந்து தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், திரும்பப் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் அதே எழுப்பல், அதே சாப்பாடு. கர்த்தர் மெல்லிய சத்தத்தில் பேசியது அதற்கப்புறம், அவர் 40 நாள் நடந்து ஓரேபை அடைந்த பிறகு.

துன்பம் தொடங்கிய முதல் வாரத்திலேயே உபவாசம் எடுக்கச் சொல்லிச் சிலர் வருவார்கள். இரண்டு நாளாகத் தொண்டையில் எதுவும் இறங்காதவர் ஏற்கெனவே உபவாசத்தில்தான் இருக்கிறார். அவருக்கு இப்போது தேவை அந்தத் தூதனின் வேலையைச் செய்யும் ஓர் ஆள்.

எலியாவைப் போல நீங்களும் சாவைக் கேட்கும் இடத்துக்கு வந்திருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் போங்கள். அப்படி நினைப்பது பாவமா என்ற விசாரணையெல்லாம் பிறகு இருக்கட்டும். எலியாவிடம் கர்த்தர் அந்த விசாரணையைத் தொடங்கவே இல்லை.

2. புலம்புங்கள், அவரிடமே புலம்புங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. விசுவாசி என்றால் எந்நேரமும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்ற எண்ணம் எப்படியோ மனதில் ஏறிவிடுகிறது. ஆனால் சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். எருசலேம் கி.மு. 586-இல் பாபிலோனியரிடம் விழுந்ததை அழுது தீர்க்க 'புலம்பல்' என்ற பெயரிலேயே 5 அதிகாரங்களில் தனிப் புத்தகம் இருக்கிறது. அழுகைக்கு வேதம் இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கும்போது நாம் ஏன் அதைச் சபையின் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

எப்படித் தொடங்குவது? சங்கீதம் 13-ஐ எடுங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் தாவீது 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்கிறார்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" இது குற்றச்சாட்டுதான். வேதம் அதைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறது. அடுத்த இரண்டு வசனங்களில் கோரிக்கை வருகிறது: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறார். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் சத்துரு போய்விட்டான் என்ற செய்தி எதுவும் இல்லை. நிலைமை அப்படியே இருக்கிறது. பேச வேண்டியதைப் பேசி முடித்ததும் அவருக்குக் கால் ஊன்ற ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு தாளை எடுத்து இதே போக்கில் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். 'எதுவரைக்கும்' என்று தொடங்கும் கேள்விகள் எத்தனை வந்தாலும் எழுதுங்கள். கடன், நோய், பிரிந்து போனவர், வேலை, எதுவானாலும் பெயரைச் சொல்லி எழுதுங்கள். பிறகு என்ன வேண்டுமோ அதைக் கேளுங்கள். மூன்றாம் பகுதி இன்றைக்கு வரவில்லை என்றால் இழுத்துப்பிடித்து எழுத வேண்டாம். சங்கீதம் 88-க்கு மூன்றாம் பகுதியே கிடையாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு முடிந்துவிடுகிறது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருள். அப்படிப்பட்ட பாட்டையும் தேவாலயத்தில் பாடுவதற்கென்றே வைத்திருந்தார்கள். ஆனாலும் அதன் முதல் வசனம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்குகிறது. இருட்டில் இருந்தாலும் யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பது அந்தப் பாடகருக்குத் தெரிந்திருக்கிறது.

முறுமுறுப்பு வேறு, புலம்பல் வேறு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரங்களுக்குள் உட்கார்ந்து கர்த்தரைப் பற்றிப் பேசினார்கள். அது முறுமுறுப்பு. சங்கீதக்காரர்கள் அதைவிடக் கடுமையான வார்த்தைகளையும் சொல்கிறார்கள், ஆனால் அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். சிலுவையில் இயேசு, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியதும் சங்கீதம் 22-இன் முதல் வரி. கைவிட்டதாகத் தோன்றும்போதும் 'என் தேவனே' என்ற விளிப்பு விட்டுப்போகவில்லை.

3. 'விடுதலை' என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டினால் பிற்பாடு விசுவாசமே ஆட்டங்கண்டுவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சங்கீதம் 4:1-இல் ஒரு வரி: "நெருக்கத்தில் எனக்கு விசாலமுண்டாக்கினீர்." எபிரெய மொழியில் துன்பத்தைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கே அடிப்படைப் பொருள் இடுக்கம். நம் 'நெருக்கடி'யும் 'இடுக்கணும்' அதே வழியில் வந்த சொற்கள்தாமே. விடுதலை என்பது மூச்சுவிட இடம் கிடைப்பது. "என்னை விசாலமான இடத்திலே கொண்டுவந்து" என்று சங்கீதம் 18-இல் தாவீது பாடுவதும் இதைத்தான். அந்த விசாலம் நெருக்கடி முடிந்த பிறகு கிடைக்கலாம். சில சமயம் நெருக்கடியின் நடுவிலேயே கிடைக்கும்.

தானியேல் 3-ஆம் அதிகாரம் எல்லோருக்கும் தெரிந்த கதை. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரையும் கட்டி, ஏழு மடங்கு சூடாக்கிய சூளையில் போடுகிறார்கள். ராஜா நேபுகாத்நேச்சார் எட்டிப் பார்த்துச் சொல்வது: "நாலுபேர் விடுதலையாய் அக்கினியின் நடுவிலே உலாவுகிறதைக் காண்கிறேன்." 'விடுதலையாய்' என்ற சொல் எங்கே வருகிறது பாருங்கள். அவர்கள் வெளியே வந்த பிறகு அல்ல, சூளைக்குள் இருக்கும்போதே. நெருப்பு அணையவில்லை, கட்டுகள் இல்லை, கூட ஒருவர் நடக்கிறார்.

அதைவிட முக்கியம் அவர்கள் உள்ளே போகுமுன் ராஜாவிடம் சொன்னது. எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், விடுவிப்பார் என்று சொல்லிவிட்டு, ஒரே சொல்லில் கதையைத் திருப்புகிறார்கள்: "விடுவிக்காமற்போனாலும்." விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம். சந்தேகம் உள்ளவன் பேச்சு இது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பாதுகாப்பாக உணர்ந்தது நடக்கப்போகிற முடிவைத் தெரிந்துவைத்திருந்ததால் அல்ல. அது அவர்களுக்குத் தெரியாது. முடிவு யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது.

அப்போஸ்தலர் 12-ஐயும் ஒருமுறை முழுக்க வாசியுங்கள். இரண்டாம் வசனத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். அதே அதிகாரத்தில் பேதுரு, இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு இரண்டு சேவகர் நடுவே தூங்கிக்கொண்டிருந்தவர், தூதனால் வெளியே கொண்டுவரப்படுகிறார். ஏரோது அதே ஏரோது, சபையும் அதே சபை. பேதுருவுக்காக ஜெபித்தவர்கள் யாக்கோபுக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? ஏன் ஒருவருக்கு அப்படி, ஒருவருக்கு இப்படி என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா விளக்கம் தரவில்லை. எபிரெயர் 11-இலும் விசுவாசத்தால் பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களும் பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தவர்களும் சில வசன இடைவெளியில் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். இரு தரப்பாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்றுதான் அந்த அதிகாரம் முடிக்கிறது.

என் அப்பா வீடு திரும்பவில்லை. அடக்கத்துக்கு வந்த ஒருவர், "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட ஜெபிச்சிருக்கலாம்" என்றார். அப்போது அப்போஸ்தலர் 12 எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வார்த்தையை அவ்வளவு வருஷம் சுமந்திருக்க மாட்டேன். கிறிஸ்தவ நம்பிக்கையில் கடைசி விடுதலை உயிர்த்தெழுதல்தான். இடையில் கிடைப்பவை எல்லாம் அதன் முன்சுவை. பேதுருவும் பிறகு ஒரு நாள் மரித்தார். மரித்தபின் இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவும் இரண்டாம் முறை மரித்திருப்பார்.

4. கதவு திறந்திருந்தால் வெளியே போங்கள்

பொறுமை என்ற பெயரில் அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ராஜா சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகினார், இரவோடு இரவாக அவர் மனைவி மீகாள் அவரை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதிலிலிருந்து இறக்கினார்கள். இவை விசுவாசக் குறைவின் கதைகள் அல்ல. விடுதலை வந்த விதம்தான் ஜன்னலும் கூடையும். வீட்டில் வன்முறை என்றால் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், காவல்துறையிடமோ சட்ட உதவியிடமோ போவதும் அப்படித்தான். நோய்க்கும் இதே கணக்கு. சாகக் கிடந்த ராஜா எசேக்கியா பிழைப்பார் என்று வாக்குக் கொடுத்த அதே தீர்க்கதரிசி ஏசாயா, அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். மருந்தை நிறுத்திவிட்டு ஜெபியுங்கள் என்று யாராவது சொன்னால் இந்தப் பகுதியை எடுத்துக் காட்டுங்கள்.

5. ஒரு நோட்டுப் புத்தகம்

நெருக்கத்தில் இருக்கும்போது ஞாபகம் நமக்கு எதிராக வேலை செய்யும். நடந்த நல்லது ஒன்றும் நினைவுக்கு வராது. அதனால்தான் யோர்தானைக் கடந்ததும் நடு ஆற்றிலிருந்து 12 கற்களை எடுத்துவரச் சொன்னார் கர்த்தர். பிள்ளைகள் "இந்தக் கற்கள் ஏது" என்று கேட்கும்போது சொல்ல ஒரு கதை வேண்டும்.

சாமுவேல் நட்ட கல்லின் பெயர் எபெனேசர். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்ற வசனத்தை வாழ்த்து அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். 1 சாமுவேல் 4-இல் இஸ்ரவேலர் பாளயமிறங்கி, தோற்று, உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்த இடத்தின் பெயரும் எபெனேசர்தான். அந்தப் பெயரையே வெற்றியின் கல்லுக்கு வைத்தார் சாமுவேல். 'இம்மட்டும்' என்பதும் அளவான சொல். இனி போரே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பெலிஸ்தரோடு யுத்தம் சவுலின் நாட்கள் முழுக்க இருந்தது.

நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும். இன்று தூக்கம் வந்தது. கேட்காமலே ஒருவர் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். வட்டிக்காரர் இன்னும் ஒரு மாதம் பொறுக்கிறேன் என்றார். இவையெல்லாம் விடுதலையா என்று தராசில் வைத்துப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போங்கள். இரண்டு, மூன்று மாதம் கழித்துப் புரட்டும்போது தெரியும். பவுல் 2 கொரிந்தியர் 1:10-இல் எழுதுவதைக் கவனியுங்கள்: மரணத்தினின்று "தப்புவித்தார், இப்பொழுதும் தப்புவிக்கிறார், இன்னும் தப்புவிப்பார்." மூன்றாம் காலத்தை நம்ப அவருக்கு முதல் இரண்டும் கையில் இருந்தன. எழுதிவைக்காதவருக்கு முதல் காலமே மறந்துபோகும்.

கடந்த காலத்தில் எழுத எதுவும் இல்லை என்று தோன்றினால் இஸ்ரவேலின் கதையைக் கடன் வாங்குங்கள். யாத்திராகமம் 3-இல் கர்த்தர் தம் ஜனத்தின் உபத்திரவத்தைப் பார்த்தேன், கூக்குரலைக் கேட்டேன், வேதனைகளை அறிந்திருக்கிறேன், விடுதலையாக்க இறங்கினேன் என்கிறார்.

6. இரவுக்கு ஒரு சங்கீதம்

பகலில் ஏதோ ஓடிவிடும். இரவு இரண்டு மணிதான் சோதனை. படுக்கைக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்: சங்கீதம் 3, சங்கீதம் 4. மூன்றாவதன் தலைப்பில், சொந்த மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடுகையில் தாவீது பாடினது என்று இருக்கிறது. பெற்ற பிள்ளையே படையோடு துரத்துகிறான், அந்த இரவில், "நான் படுத்து நித்திரைசெய்தேன், விழித்துக்கொண்டேன், கர்த்தர் என்னைத் தாங்குகிறார்." காலையில் கண் விழித்ததையே அவர் ஒரு விடுதலையாக எண்ணியிருக்கிறார்.

வாசிக்க முடியாத இரவுகளில் சங்கீதம் 42-இன் ஒரு வரி போதும்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" 42, 43 இரண்டும் சேர்ந்து அந்தக் கேள்வியை மூன்று முறை கேட்கின்றன. ஒரு முறை கேட்டதும் கலக்கம் போய்விட்டால் மூன்று முறை கேட்க அவசியம் இருந்திருக்காது. அதனால் நீங்களும் நூறு முறை சொல்ல வேண்டியிருந்தால் வெட்கப்படாதீர்கள்.

நம் தப்பினாலேயே வந்த துன்பம் என்றால்? சங்கீதம் 107. வனாந்தரத்தில் வழி தப்பியவர்கள், சிறைப்பட்டவர்கள், நோயாளிகள், கடலில் சிக்கியவர்கள் என நான்கு கூட்டத்தார் அதில் வருகிறார்கள். இவர்களில் இரண்டு கூட்டத்தார் தங்கள் சொந்த மீறுதலால் மாட்டியவர்கள். ஆனால் நான்கு கூட்டத்துக்கும் ஒரே வரிதான்: தங்கள் ஆபத்திலே கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார்கள், அவர் அவர்களை விடுவித்தார்.

7. யார் பேச்சைக் கேட்பது

யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது. வாய் திறந்த பிறகுதான் கெட்டது. உன் பாவத்தால்தான் இது என்று அத்தியாயம் அத்தியாயமாக நிரூபித்தார்கள். கடைசியில் கர்த்தர் அவர்களைத்தான் கடிந்துகொண்டார். அவ்வளவு கத்திய யோபு நிதானமாய்ப் பேசினான் என்றார்.

அதனால் கூட உட்காருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், காரணம் கண்டுபிடிக்கிறவர்களைத் தள்ளியே வையுங்கள். விடுதலைக்குத் தேதி குறித்துக் கொடுக்கிறவர்கள், இவ்வளவு காணிக்கை போட்டால் கட்டு அறுந்துவிடும் என்கிறவர்கள் வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். பவுல், தன் சரீரத்தின் முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கே கிடைக்காத உத்தரவாதத்தை இவர்கள் ரசீது போட்டு விற்கிறார்கள்.

8. மேலங்கியைக் கேளுங்கள்

2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் பவுல் சிறையில் இருக்கிறார். தன் முடிவு நெருங்கிவிட்டது என்று அவருக்கே தெரிகிறது. "கர்த்தர் எல்லாத் தீமையினின்றும் என்னை இரட்சித்து" என்று எழுதுகிற அதே அதிகாரத்தில்தான், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவா என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லியனுப்புகிறார். குளிர் வரப்போகிறது, போர்த்திக்கொள்ள ஒன்று வேண்டும். கர்த்தர் காப்பார் என்று நம்புகிறவர் மேலங்கி கேட்பது அவருக்கு முரணாகப் படவில்லை.

உங்களுக்கு இப்போது எது மேலங்கி? மருத்துவமனையில் ஒரு இரவு மாற்றி உட்கார ஆளா, இந்த மாத வாடகையா, வழக்கறிஞரிடம் கூட வர ஒருவரா? "எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். என்ன வேண்டும், எங்கே இருக்கிறது, எப்போதைக்குள் வேண்டும் என்று பவுல் மாதிரியே சொல்லிக் கேளுங்கள். அவர் காலத்தைக்கூடக் குறிப்பிட்டிருந்தார்: "மாரிகாலத்துக்குமுன்."